ஜெசிந்தா பேரில் ஒரு துக்கம்

அந்தக் கட்டடத்தின் நான்காம் மாடியில் யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. முடிவுகளை இயந்திரம் எடுத்துவிடும். அதை ஒரு மனிதர் படித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

கடல் தாண்டி ஒரு நாட்டில் அப்படி ஒரு சட்டம் வந்திருந்தது. 'உங்கள் சிகிச்சைக்குக் காப்பீடு கிடையாது' என்று இயந்திரம் ஒருவரைத் திருப்பி அனுப்பலாம். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் ஒரு மனிதராவது அந்தக் கோப்பை மனம் வைத்துப் படித்திருக்க வேண்டும். மனம் வைத்துப் படிக்கும் ஆட்கள் அந்த நாட்டில் அதிகச் சம்பளம் கேட்டார்கள். அதனால் வேலை கோயமுத்தூருக்கு வந்து, சரவணம்பட்டியில் கண்ணாடிச் சுவர்களுக்குள் உட்கார்ந்தது.

மனம் வைத்தார்களா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் பட்டை. ரப்பர் மாதிரி வளையும் கறுப்புப் பட்டை. நெற்றியைச் சுற்றி மாட்டிக்கொள்ள வேண்டும். மனம் கோப்பில் இருந்தால் திரையின் மூலையில் பச்சை எரியும். வேறு எங்காவது போனால் மஞ்சள். கழற்றினால் சிவப்பு. பச்சையாக இருந்த நேரத்துக்கு மட்டும்தான் அந்த நாட்டுக் கிளையண்ட் இந்தக் கம்பெனிக்குப் பணம் கொடுப்பார்கள்.

பூங்கோதை சேர்ந்த புதிதில் பயிற்சி வகுப்பில் ஒரு கேள்வி கேட்டாள். பொதுவாக அவள் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. அவிநாசியில் படித்த கல்லூரியில் மூன்று வருடமும் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருந்தவள்.

"சார், மெஷின் தப்பா முடிவு பண்ணியிருந்தா எதுங்க அழுத்தோணும்?"

டீம் லீட் முரளிதரன் சிரிக்காமல் சொன்னார். "ஒரே பட்டன்தானுங்க அம்மிணி இருக்குது. 'படித்தேன்'. அதுக்கு மேல புண்ணியம் வேணும்னா போற வழியில மருதமலை இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் மட்டும் அவள் காதருகே குனிந்து, "நல்ல கேள்விதான்ட்டி. ஆனா இனி கேக்காத" என்றாள். அவள்தான் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரி. கணவன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். வருடத்தில் பாதி நாள் கடலில் இருப்பான்.

இருவரும் பக்கத்துப் பக்கத்து இடத்தில் இருந்தாலும் கோப்புகள் வேறு வேறு. பூங்கோதைக்கு மூக்குக் கண்ணாடி, பல் செட், காது மிஷின். ஜெசிந்தாவுக்குக் குழந்தைகள். பிறந்த குழந்தைக்கு இதய அறுவை, கண்ணாடிப் பெட்டியில் வைத்த குறைமாதக் குழந்தைக்கு மேலும் சில நாட்கள், இப்படி.

"எப்படிக்கா இதையெல்லாம் படிக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள் பூங்கோதை.

"நான் எழுத்தைத்தான் பாப்பேன். ஆளைப் பாக்க மாட்டேன். பட்டைக்கு எழுத்தைப் பாத்தாலே பச்சைதான். ஆளைப் பாத்தியோ, ஒனக்குச் சோறு எறங்காது."

ஜெசிந்தா பிரசவ விடுப்பு முடிந்து வந்தபோது குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆரோன். தரைத்தளத்தில் கம்பெனியே நடத்தும் க்ரெச்சில் அவனை விட்டுவிட்டு மேலே வருவாள். ஆனால் அவன் பசிக்கும் நேரமும் இடைவேளை நேரமும் ஒத்துப்போகவில்லை. பட்டையைக் கழற்றிக் கீழே போனால் சிவப்பு. சிவப்பு கூடினால் வருட மதிப்பெண்ணில் கடைசி வரிசை. ஒவ்வொரு டீமிலும் யாராவது ஒருவரைக் கடைசி வரிசையில் போட்டே ஆக வேண்டும் என்பது விதி. அங்கே விழுந்தவர்கள் பிறகு அந்த மாடியில் தென்படுவதில்லை.

"ஏட்டி கோதை, நீ சாப்பிடுத நேரத்துல எம்பட்டையக் கொஞ்சம் போட்டுக்கிடுதியா?"

அப்படித்தான் தொடங்கியது. பூங்கோதை தன் சாப்பாட்டு இடைவேளையில் தன் பட்டையை முறைப்படி கழற்றி வைப்பாள். ஜெசிந்தாவின் நாற்காலிக்கு நகர்ந்து, அவள் பட்டையை மாட்டிக்கொள்வாள். ஜெசிந்தா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு படிக்கட்டில் ஓடுவாள். நோயாளிகளின் விவரம் வெளியே போகக்கூடாது என்பதால் அந்த மாடியில் கேமரா கிடையாது. முரளிதரன் அந்த நேரத்தில் எப்போதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பூங்கோதைக்கு எழுத்தை மட்டும் பார்க்கத் தெரியவில்லை.

முந்தைய வருடம் அவளுக்கு ஏழாம் மாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து, அழாமலே போய்விட்டது. அலுவலகத்தில் டைபாய்டு என்று சொல்லியிருந்தாள். வீட்டில் அவள் கணவன் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. பம்ப் கம்பெனியிலிருந்து வந்தால் டிவி போடுவான். அவளும் எடுப்பதில்லை. அந்தக் குழந்தைக்குப் பெயர்கூட வைக்கவில்லை. பெயர் இல்லாத ஒன்றைப் பற்றி யாரிடம் என்ன சொல்வது?

ஜெசிந்தாவின் திரையில் குறைமாதக் குழந்தைகள் வந்தபடி இருந்தன. எடை, பிறந்த வாரம், கண்ணாடிப் பெட்டியில் இருந்த காலம். தாய் எழுதிய விண்ணப்பமும் கூட இருக்கும். 'அவள் என் விரலைப் பிடிக்கிறாள்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். பூங்கோதை எல்லாவற்றையும் கடைசி எழுத்து வரை படிப்பாள். கண்ணீர் வராது. நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ ஒன்று மெதுவாக ஏறி, ஏறிய இடத்தில் நின்றுகொள்ளும். பச்சை அணையாமல் எரியும். 'படித்தேன்' அழுத்துவாள். அடுத்தது வரும்.

உண்மையைச் சொன்னால், நாளில் அந்த நேரத்துக்காகவே அவள் காத்திருக்கத் தொடங்கியிருந்தாள். அவளுக்குத் துக்கப்பட இடம் கொடுத்தது அந்த நாற்காலி ஒன்றுதான்.

பட்டை கவனத்தை மட்டும் அளக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் காலை ஜெசிந்தாவை இரண்டாம் மாடிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே 'கேர்' என்று ஒரு பிரிவு உண்டு. ஊழியர்களின் மன நலத்துக்காக. ஹேமலதா என்பவள் அதன் அதிகாரி. போய்த் திரும்பிய ஜெசிந்தா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

"எனக்கு மனசு சரியில்லையாம்ட்டி."

"யாரு சொன்னாங்க?"

"பட்டை சொல்லிச்சாம். படம் போட்டுக் காட்டுனா. ஒவ்வொரு நாளைக்கும் ஒரு புள்ளி. புள்ளியெல்லாம் சேந்து அலை ஏறுத மாதிரி ஏறி நிக்கி. பிள்ள பெத்து ஒரு வருசம் ஆகாதவங்களை மட்டும் தனியா கவனிக்காங்களாம். இந்த அளவுக்குத் துக்கம் ஆவாதாம். சில பேரு பிள்ளையத் தூக்கிட்டு..." அவள் சிரிப்பு நின்றது. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஏட்டி, ஒண்ணு கேக்கேன். எம்பட்டையப் போட்டிருக்கையில நீ எதாவது நெனச்சியா?"

பூங்கோதை தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆமாம் என்று சொன்னால், என்ன நினைத்தாய் என்று அடுத்த கேள்வி வரும். பட்டை மாற்றிய குற்றம் வெளியே வந்தால் இரண்டு பேர் வேலையும் போகும். இரண்டு பயங்களும் ஒரே நொடியில் வந்தன. எது பெரியது என்று அவளுக்கே தெரியவில்லை.

"எனக்கென்னுங்க்கா துக்கம்? மூக்குக் கண்ணாடிக் கேஸு மாதிரிதான் படிச்சேன்."

ஜெசிந்தா அவளையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டாள். "சரிதான். நீ கொசு செத்தாக்கூட மொகம் மாறாதவ" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தனக்குத்தானே பேசுவதுபோல், "அப்ப எனக்கே தெரியாம எனக்குள்ளதான் இருக்கு போல" என்றாள்.

கம்பெனி விதிப்படி, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள அவள் கொடுத்திருந்த எண்ணுக்குத் தகவல் போனது. அது மாமியார் பிலோமினாவின் எண். மறுநாளே அவர் தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

ஜெசிந்தாவுக்குத் துணையாகப் பூங்கோதையும் க்ரெச்சுக்குப் போயிருந்தாள். பிலோமினா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஆரோனை மார்போடு அணைத்துக்கொண்டு, நின்றபடியே அழுதார்.

"ஒம்மேல கோவமில்ல மக்கா. எந்தங்கச்சி பிள்ள பெத்த மூணாம் மாசம் பச்சப்பிள்ளையோட உப்பளத்துத் தண்ணிக்குள்ள எறங்கிட்டா. அன்னைக்குக் காலைலகூட எங்கிட்டச் சிரிச்சுப் பேசினா. அப்ப இந்தப் பட்டை கிட்டை எல்லாம் இல்ல. இருந்திருந்தா ரெண்டு உசுரு இருந்திருக்கும்."

"மாமி, எனக்கு ஒண்ணுமில்ல மாமி."

"அவளும் அதான் சொன்னா." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கம்பெனிக்காரன் ஒனக்குச் சரியாயிட்டுன்னு ஒரு பேப்பரு குடுக்கட்டும். மறுநாள் பிள்ளையோட வந்து நிக்கேன். அதுவரைக்கும் அவன் எங்கிட்ட இருக்கட்டும்."

"நானும் கூட வாரேன்."

அது முடியாது. கோப்பு படிப்பதிலிருந்து அவளுக்கு விடுப்பு கொடுத்திருந்தார்கள், ஆனால் வாரம் மூன்று நாள் ஹேமலதாவிடம் ஆலோசனைக்கு வர வேண்டும். வராவிட்டால் வேலையை விட்டதாகக் கணக்கு. வேலையை விட்டால் அந்தப் பேப்பரை யார் கொடுப்பார்கள்?

பூங்கோதை கதவோரம் நின்றிருந்தாள். சொல்லிவிடலாம் என்று ஓரடி முன்னால் வைத்தாள். பிலோமினா அவள் பக்கம் திரும்பி, "நீதான் கோதையா? எம்மருமவ சொல்லுவா. அவளைப் பாத்துக்கிடு தாயி" என்றார். பூங்கோதை தலையாட்டினாள். ஆட்டோ கிளம்பும்போது ஆரோன் பாட்டியின் தோளுக்கு மேல் ஜெசிந்தாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான்.

அன்று மாலையே பூங்கோதை முரளிதரனிடம் போனாள்.

"சார், ஜெசிந்தாக்கா பட்டையில வந்த துக்கம் அவங்களோடது இல்லீங்க. சாப்பாட்டு நேரத்துல..."

முரளிதரன் கையை உயர்த்தினார். "அம்மிணி, நீங்க ஒண்ணும் சொல்லலீங்க. நான் ஒண்ணும் கேக்கலீங்க."

"சார், அவங்க கொழந்தையக் கொண்டுட்டுப் போயிட்டாங்க."

"தெரியுமுங்க. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குது." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "இந்த மாசக் கடைசில கிளையண்ட் வர்றாங்க. அதுக்குள்ள பட்டை மாத்திப் போட்டாங்கன்னு ஒரு வார்த்த வெளிய போனா, உங்களோட நிக்காது. இத்தன நாள் பச்சையெல்லாம் பொய்தானான்னு கேப்பான். மாடியே காலியாயிருமுங்க. கிளையண்ட் விசிட் முடியட்டும். பொறவு நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

அந்த அலுவலகத்தில் எல்லாம் அப்படித்தான். சம்பள உயர்வு, கல்யாண லீவு, ஒழுகும் கழிவறைக் குழாய், எல்லாமே கிளையண்ட் விசிட் முடியட்டும். பூங்கோதைக்கு அந்தப் பதில் அநியாயமாகத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் கேட்டபோது அவளுக்கு மூச்சு வந்தது. தள்ளிப்போட யாரோ அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

ஜெசிந்தாவின் வீட்டுக்கு அவ்வப்போது போனாள். முதலில் போனபோது ஜெசிந்தா மார்பில் ஈரத்துணி வைத்துக் கட்டியிருந்தாள். பால் கட்டிக் காய்ச்சல். "அவன் அங்க அழுதா எனக்கு இங்க ஊறுதுட்டி. மணியே பாக்க வேண்டாம்" என்று சிரித்தாள். அடுத்த முறை போனபோது வீடு பெருக்காமல் கிடந்தது. வீடியோவில் ஆரோனைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். புட்டிப்பாலுக்குப் பழகிவிட்டானாம். போனில் அவள் குரல் கேட்டால் முன்பு தேடுவான், இப்போது தேடவில்லையாம்.

"பால் வத்திப்போச்சு" என்றாள்.

பூங்கோதை தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கிளையண்ட் வந்தார்கள். அன்றைக்கு எல்லோரும் பட்டுப்புடவையில் வர வேண்டும். வாசலில் பூக்கோலம் போடும் வேலை பூங்கோதைக்கு. அவள் கை சுத்தம் என்று பெயர். செவ்வந்தி இதழ்களைப் பிய்த்து, கிளையண்ட் கம்பெனியின் சின்னத்தை அச்சாகப் போட்டாள். வந்த வெள்ளைக்காரப் பெண்மணி கோலத்தின் முன் நின்று கைகூப்பி, "எவ்வளவு கவனம்" என்று தன் மொழியில் வியந்தாள். முரளிதரன் முகமெல்லாம் பல்லாக நின்றார். பூங்கோதையின் நகக்கண்ணில் மஞ்சள் கறை ஏறியிருந்தது. இரண்டாம் மாடியில் ஆலோசனை முடிந்து இறங்கி வந்த ஜெசிந்தா, கோலத்தை மிதித்துவிடாமல் ஓரமாகச் சுற்றி வெளியே போனாள். பட்டுப்புடவைகளுக்கு நடுவில் அவள் கசங்கிய சுடிதாரை யாரும் கவனிக்கவில்லை. பூங்கோதை பார்த்தாள். கையில் பூத்தட்டு இருந்ததால் கூப்பிடவில்லை என்று பிற்பாடு தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

கிளையண்ட் கிளம்பிப் போன மறுநாள் முரளிதரன் வேறு டீமுக்கு மாற்றலாகியிருந்தார். புது டீம் லீடுக்கு எதுவும் தெரியாது.

பூங்கோதை தனியாகவே இரண்டாம் மாடிக்கு இறங்கினாள்.

ஹேமலதா நல்லவளாகத்தான் இருந்தாள். கதவைச் சாத்தினாள், தண்ணீர் கொடுத்தாள், குறுக்கே பேசாமல் கேட்டாள். பூங்கோதை பட்டை மாற்றியதைச் சொன்னாள். அதோடு நிறுத்த நினைத்தாள். முடியவில்லை. டைபாய்டு பொய் என்றாள். ஏழாம் மாதம் என்றாள். துணியில் சுற்றி ஒரு முறை காட்டினார்கள், தலைமுடி நிறைய இருந்தது என்றாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லச் சொல்ல உடம்பு குலுங்கியது. ஒரு வருடமாக நெஞ்சுக்கூட்டில் ஏறி நின்றது அந்த அறையின் பிளாஸ்டிக் புல் தரையில் கொட்டித் தீர்ந்தது.

"இதை எழுதிக் கொடுத்தா உங்க வேலை போயிடும். தெரியுமா?"

"தெரியுமுங்க. அவங்க பேரை மட்டும் சரி பண்ணிக் குடுத்திருங்க."

"பட்டை யாரோட மனசுன்னு கண்டுபிடிக்காது. எப்படி இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். அதனால உங்க வார்த்தை பத்தாது. ரெண்டு பேருக்கும் மறுபடி அளந்து பார்க்கணும். ஒரே கோப்பு, ரெண்டு பேரும் படிக்கணும். அதுல கோடு அவங்களுக்கு ஏறாம உங்களுக்கு ஏறினா, இன்னைக்கே கையெழுத்துப் போட்டுத் தரேன்."

ஜெசிந்தாவை வரச் சொன்னார்கள். அவள் வந்து உட்கார்ந்ததும் பூங்கோதை எல்லாவற்றையும் இன்னொரு முறை சொன்னாள். இந்த முறை சுலபமாகச் சொல்ல வந்தது. அடி விழும் என்று எதிர்பார்த்தாள்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் ஜெசிந்தா.

"இல்லீங்க்கா."

"நான் கேட்டேன்லா ஒங்கிட்ட. அன்னைக்கே கேட்டேன்லா."

"கேட்டீங்க்கா."

"பாவி" என்றாள் ஜெசிந்தா. ஆனால் அதற்குள் அவள் கை போனை எடுத்திருந்தது. "மாமி, நாந்தான். துணிமணியெல்லாம் எடுத்து வைங்க. பேப்பரு இன்னைக்குக் கெடைக்கி. ஆமா மாமி, மெஷினு தப்பு. ஆரோன் என்ன செய்யுதான்? தூங்குதானா? எழுப்பாதீங்க, எழுப்பாதீங்க." வைத்துவிட்டு, பூங்கோதையின் தோளில் ஓர் அடி வைத்தாள். அடித்த கையாலேயே அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "ஏழு மாசம் சொமந்திருக்கியே, ஒரு வார்த்த சொன்னியாட்டி."

முதலில் ஜெசிந்தாவுக்குப் பட்டை மாட்டினார்கள். திரையில் ஒரு கோப்பு. குறைமாதக் குழந்தை; தாய்க்கு வெளியூரில் வேலை; தினமும் வந்து பார்க்க முடியவில்லை என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள். ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்து, பழைய சாமர்த்தியத்தோடு எழுத்தைப் பார்க்கத் தொடங்கினாள். பாதியில் அவள் உதடுகள் அசைவது நின்றது. கண்கள் ஒரே வரியில் நின்றுவிட்டன. பக்கத்துத் திரையில் கோடு ஏறியது. ஏறியது. முன்பு புள்ளிகள் நின்ற இடத்தைத் தாண்டியும் ஏறி, அங்கேயே நின்றது.

ஹேமலதா பட்டையைக் கழற்றிப் பூங்கோதைக்கு மாட்டினாள். அதே கோப்பு. பூங்கோதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். ஆளைப் பார்த்தாள். அந்தத் தாயை, கண்ணாடிப் பெட்டியை, தன் பிள்ளையின் தலைமுடியை, எல்லாவற்றையும் வலிந்து நினைத்தாள். நெஞ்சுக்கூட்டுக்குள் தேடினாள். அங்கே மழை பெய்து ஓய்ந்த முற்றம்போல் வெறுமையாக இருந்தது. கோடு கிடையாகவே போய்க்கொண்டிருந்தது.

"உங்க நல்ல மனசு புரியுது" என்றாள் ஹேமலதா, மெல்லிய குரலில். "பிள்ளையைப் பறிகொடுத்தது உண்மையாத்தான் இருக்கும். ஆனா நீங்க அதைத் தாண்டி வந்துட்டீங்க. சிநேகிதிக்காக இப்படிப் பழியை ஏத்துக்க வேண்டாம். நீங்க எதுவும் சொல்லலைன்னு நான் வச்சுக்கறேன். வேலைக்குப் போங்க."

"மேடம், அவங்களுக்கு இப்ப ஏறுனது கொழந்தை இல்லாததால..."

"ஏன் ஏறுச்சுன்னு பட்டை கேக்காதுங்க."

ஜெசிந்தாவின் போன் அடித்தது. மாமியார். அவள் எடுக்கவில்லை. மேசைமேல் அது அதிர்ந்துகொண்டே ஓரத்துக்கு நகர்ந்தது. அவள் இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பூங்கோதையின் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. குழம்பில் என்ன போட்டாய் என்று அக்கம்பக்கத்தில் கேட்பதுபோல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.

"எப்படிட்டி ஒனக்கு எறங்குச்சு? எனக்கும் சொல்லிக் குடேன்."

பட்டை இன்னும் பூங்கோதையின் தலையில்தான் இருந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் அந்தப் பழைய துக்கம் மறுபடி மெதுவாக ஏறுவதை உணர்ந்தாள். சட்டென்று திரையைப் பார்த்தாள். ஹேமலதா அதை ஏற்கனவே அணைத்துவிட்டு, அடுத்தவரின் பெயரைக் கூப்பிட வெளியே போயிருந்தாள்.